வண்டி வரும்வரை போனை வைக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை பதிலளிப்பவர் சேலம் அம்மாப்பேட்டையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற செவிலியர் ஆசிரியை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவர். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளில் போன் எடுப்பவர்கள், வண்டி போய்ச் சேரும்வரை நோயாளியின் வீட்டாருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று இப்போது பயிற்சி அளித்துவருகிறார்.

கேள்வி: என் கணவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், எடுத்த பெண் வயதைக் கேட்டார், வியர்க்கிறதா என்றார், இதற்கு முன் வந்திருக்கிறதா என்றார். கேள்விமேல் கேள்வி. "முதலில் வண்டியை அனுப்புங்கள்" என்று கத்திவிட்டேன். நான் செய்தது தவறா?
— ஒரு வாசகி, பொன்னம்மாபேட்டை

பதில்: தவறே இல்லை அம்மா. அந்த நேரத்தில் கத்தாதவர்கள் குறைவு. கத்துகிறவர் பயத்தில் இருக்கிறார், உங்கள்மேல் அவருக்குப் பகை எதுவும் கிடையாது என்று என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். அந்தப் பெண் உங்களிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும்: "வண்டி கிளம்பிவிட்டது அம்மா, நான் கேட்பதால் அது நிற்காது." ஒழுங்காக நடக்கும் கட்டுப்பாட்டு அறையில், இடமும் நேர்ந்தது என்ன என்பதும் தெரிந்தவுடன் வண்டிக்குத் தகவல் போய்விடும். மற்ற கேள்விகளெல்லாம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கப்படுபவை. வருகிறவர்கள் எதற்குத் தயாராக வர வேண்டும், அதுவரை நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை, அந்தப் பெண் சொல்லியிருக்க வேண்டியவை இவை. சாய்ந்து உட்காரவையுங்கள். மாடிப்படி இறங்கவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வாசல் விளக்கைப் போட்டு, ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். அவர் மயங்கினால் அந்த நொடியே என்னிடம் சொல்லுங்கள். இந்தக் கடைசி வரிக்காகத்தான் போனை வைக்கக் கூடாது என்கிறோம். ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்வதுகூடப் பல நாடுகளில் போன் வழியாகவே நடக்கிறது. ஆனால் ஒவ்வாமை உண்டா, வயிற்றுப்புண் உண்டா, ரத்தக்கசிவு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சொல்வார்கள். கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்த மாத்திரையும் கிடையாது.

கேள்வி: நாங்கள் இருப்பது நாகலூர் பக்கம், காப்பித் தோட்டத்தில். வண்டி வந்து சேர்வதற்கே நேரமாகும். அதுவரை போனில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பதால் என்ன ஆகிவிடப்போகிறது?
— தோட்ட மேஸ்திரி, ஏற்காடு

பதில்: வண்டி தாமதமாகும் இடத்தில்தான் ஐயா அந்தக் குரலுக்கு வேலை அதிகம். சேலம் நகருக்குள் ஐந்து ரோட்டில் ஒருவர் விழுந்தால் சுற்றிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்களுக்கோ, சேலத்துப் பெரிய மருத்துவமனைக்கு வர 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அந்த வளைவுகளில் எந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநராலும் பறக்க முடியாது.

இதயம் நின்றுபோனால் கணக்கு மிகக் கொடியது. நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகும். ரத்த ஓட்டமில்லாமல் மூளை சில நிமிடங்கள்தான் தாங்கும். ஏற்காட்டிலேயே வண்டி நின்றிருந்தாலும், அது உங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த நிமிடங்கள் போய்விடும். அப்போது விழுந்தவருக்கு உதவக்கூடியவை அவர் பக்கத்தில் இருப்பவரின் இரண்டு கைகள் மட்டுமே. பக்கத்தில் இருப்பவருக்குக் கை இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியாது. போனில் இருப்பவருக்குத் தெரியும், கை எட்டாது. இருவரையும் சேர்த்துவைப்பதுதான் நாங்கள் தரும் பயிற்சி.

போன் எண்ணும் இடமும் தெரிந்த பிறகு, போன் எடுப்பவர் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். நினைவு இருக்கிறதா? வழக்கம்போல் மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் மூன்றாவது கேள்வி கிடையாது, நெஞ்சை அழுத்தத் தொடங்கியாக வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் இரண்டாவது கேள்வியில்தான் உயிர் தவறிப்போகிறது. "மூச்சு இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது, இருக்கிறது, இழுத்துக்கொண்டிருக்கிறது" என்பார்கள். இதயம் நின்ற சில நிமிடங்கள்வரை வாய் திறந்து மூடும், தாடை இழுபடும், குறட்டைபோல ஒரு சத்தம் வரும், பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இருக்காது. இதயம் நின்று விழுபவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு இப்படி இழுப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அது மூச்சே அல்ல. மூளைத்தண்டின் கடைசி அசைவு அது. அதை மூச்சு என்று நம்பி, "சரி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வண்டி வரும்" என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் போய்விட்டார்.

அதனால் என் வகுப்பில் "மூச்சு இருக்கிறதா?" என்று கேட்க யாரையும் அனுமதிப்பதில்லை. "அவர் பக்கத்தில் மண்டியிடுங்கள். நெஞ்சைப் பாருங்கள். நெஞ்சு மேலே எழும் ஒவ்வொரு முறையும் 'இப்போது' என்று சொல்லுங்கள்" என்று சொல்ல வேண்டும். இரண்டு "இப்போது"களுக்கு நடுவே வரும் அமைதியை வைத்தே போன் எடுப்பவருக்கு விளங்கிவிடும். தயக்கம் இருந்தால் அழுத்தச் சொல்லிவிட வேண்டும் என்பதே விதி. இதயம் துடித்துக்கொண்டிருப்பவரின் நெஞ்சைச் சிறிது நேரம் அழுத்தினால் வலிக்கும், அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார், நிறுத்திவிடலாம். நின்ற இதயத்தை அழுத்தாமல் விட்டால் திருத்திக்கொள்ள வழியில்லை.

வகுப்பில் நான் போட்டுக்காட்டும் ஒரு பதிவு உங்கள் மலையிலிருந்து வந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் அருகே கணவர் விழுந்துவிட்டார். மனைவி, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து பேசுகிறார், ஏனென்றால் அங்குதான் சிக்னல். விழுந்தவர் இருப்பதோ கீழே, களத்தில். போன் எடுத்த பெண் செய்த முதல் நல்ல காரியம், பேசுகிறவர் நோயாளி பக்கத்தில் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது. "அம்மா, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கத்தினால் கீழே இருப்பவருக்குக் கேட்குமா?" என்று கேட்கிறார். கேட்கும் என்றதும், மேலே இவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மா கீழே பார்த்துக் கத்த, உடன் வேலைசெய்யும் ஒருவர் அழுத்துகிறார். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்ற எண்ணிக்கை மூன்று குரல்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. இடையில் இருமுறை இணைப்பு அறுந்தது. இரண்டு முறையும் கட்டுப்பாட்டு அறையிலிருந்துதான் திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்காகத்தான் எதைக் கேட்பதற்கு முன்பும் போன் எண்ணைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்கிறேன். ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வது கேட்கும்வரை அந்தப் பெண் எண்ணுவதை நிறுத்தவில்லை.

உங்கள் தோட்டத்தில் எந்தெந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் ஐயா. அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கேள்வி: போன் வழியாகச் சிகிச்சை சொல்லித்தரும் வழக்கம் எப்போது, எங்கே தொடங்கியது?
— கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: அவசர அழைப்பு எண் பழையது. லண்டனில் 999 வந்தது 1937இல். அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968இல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் நடந்தது. ஆனால் அக்காலத்தில் போன் எடுப்பவரின் வேலை முகவரியை எழுதிக்கொண்டு வண்டியை அனுப்புவதோடு முடிந்துவிடும். 1970களின் நடுவில் அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறையில், மூச்சு நின்ற குழந்தையின் வீட்டாருக்கு ஒரு மருத்துவ உதவியாளர் போனிலேயே வழிசொல்லிக் காப்பாற்றினார். எந்தச் சட்டதிட்டமும் அவரிடம் இருக்கவில்லை.

அதைத் திட்டமாக்கியவர் சால்ட் லேக் சிட்டியின் மருத்துவர் ஜெஃப் கிளாசன். 1970களின் பிற்பகுதியில் அவர் அட்டைகளைத் தயாரித்தார். நெஞ்சுவலிக்கு ஓர் அட்டை, வலிப்புக்கு ஓர் அட்டை, பிரசவத்துக்கு ஓர் அட்டை. என்ன கேட்க வேண்டும், எந்த வண்டியை அனுப்ப வேண்டும், வண்டி வரும்வரை என்ன சொல்ல வேண்டும் என்பது வரி வரியாக அதில் இருக்கும். வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில் மருத்துவர் மிக்கி ஐசன்பர்க்கும் அவருடைய குழுவினரும், போனில் சொல்லிக்கொடுத்தே சி.பி.ஆர். எனப்படும் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைச் செய்யவைக்க முடியும் என்று 1980களில் நிறுவினார்கள். 2010இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு, பெரியவர்கள் திடீரென விழுந்தால் வாயோடு வாய் வைத்து ஊதச் சொல்லாமல் நெஞ்சை மட்டும் அழுத்தச் சொல்வது வழக்கமாகிவிட்டது. போனில் ஊதக் கற்றுக்கொடுக்கப் போகும் நேரம் வீண் என்று அவை காட்டின. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் அப்படியல்ல, அவர்களுக்குக் காற்றும் வேண்டும். மேட்டூர்க் காவிரியிலும் நம் ஏரிகளிலும் ஆண்டுதோறும் பிள்ளைகள் மூழ்கும் மாவட்டம் நம்முடையது. அதனால் நீரில் மூழ்கியவருக்கான அட்டையை நான் தனியாக ஒரு நாள் முழுக்க நடத்துகிறேன்.

நம் நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2005இல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது அந்த அட்டைதான். அதிகாலை மூன்று மணிக்குக் கண் எரியும் களைப்பில் இருப்பவரும், காலையில் புத்துணர்ச்சியோடு வந்து அமர்பவரும் ஒரே சொற்களைச் சொல்வதற்கு அது வழி செய்கிறது. சொந்தத் திறமையை நம்பி அட்டையை மூடிவைக்கும் பிள்ளைகளை நான் கடிந்துகொள்வேன்.

கேள்வி: ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நீங்கள் எப்படிப் பயிற்சி தருகிறீர்கள்? மருத்துவப் படிப்பு இல்லாதவர்களால் முடியுமா?
— பட்டதாரிப் பெண், ஓமலூர்

பதில்: முடியும் கண்ணு. உடற்கூற்றியல் தெரிந்தவர்களைவிடக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் நாள் நாற்காலியே கிடையாது. எல்லோரும் தரையில் மண்டியிட்டு, பொம்மையின் நெஞ்சை முழுதாக இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் மற்றொன்று, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், மணிக்கட்டு வலிக்கும். அந்த வலி உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் மறுமுனையில் இருப்பவர் "என்னால் முடியவில்லை" என்னும்போது எந்தக் குரலில் பதில் சொல்வது என்று தெரியும். "பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அவரைக் கூப்பிடுங்கள், கை மாற்றிக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள்" என்ற வரி அப்போது தானாக வாயில் வரும்.

அடுத்து, முதுகுக்கு முதுகு உட்காரவைப்பேன். நான் அழுகிற மகளாக, குடித்திருக்கும் மருமகனாக, காது கேட்காத பாட்டியாகப் பேசுவேன். முகம் பார்க்க முடியாது, கை காட்ட முடியாது. "பதறாதீர்கள்" என்ற சொல்லுக்கு என் வகுப்பில் தடை. அதைக் கேட்டுப் பதற்றம் தணிந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள்: "ஸ்பீக்கரைப் போட்டு போனை அவர் தலைமாட்டில் வையுங்கள்." கைக்கு வேலை வந்துவிட்டால் அழுகை குறையும். அப்போதும் கேட்கவில்லை என்றால், அதே வரியை, அதே சொற்களில், அதே குரலில் திரும்பச் சொல்ல வேண்டும். சொற்களை மாற்றினால் அவர் மறுபடி முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். "உங்களால் செய்ய முடியுமா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. முடியாது என்றுதான் பதில் வரும். "நாம் இருவரும் சேர்ந்து செய்யப்போகிறோம், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்" என்று தொடங்கிவிட வேண்டும்.

பிறகு வருவது நம் ஊர்ப் பாடம். இதை வெளிநாட்டு அட்டை எதுவும் எழுதித்தராது. வீட்டில் ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் போடுவதுதான் நம் பழக்கம். கட்டிலில் வைத்து அழுத்தினால் கயிறுதான் கீழே போகும், நெஞ்சு இறங்காது. "தரையில் படுக்கவையுங்கள்" என்பதை முதல் கட்டளையாகச் சொல்ல வேண்டும். என் அப்பா குழித்தறியில் நெய்தவர். தறிக்குழியில் கால்வைத்து உட்கார்ந்திருப்பவர் சரிந்தால் இருவர் சேர்ந்து அக்குளில் கைகொடுத்து இழுக்க வேண்டும் என்று அம்மாப்பேட்டையில் வளர்ந்த எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து பேசும் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருந்தால்தான் தெரியும். வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள், வலிப்பு என்றால் கையில் சாவியைத் திணிப்பார்கள், பல்லுக்கிடையே கரண்டியை நுழைப்பார்கள். நடந்த பிறகு தடுப்பதில் பயனில்லை, முன்கூட்டியே "வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், எதையும் வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். மாமனார் நெஞ்சில் எப்படிக் கைவைப்பது என்று மருமகள் தயங்குவார். அங்கே அதிகாரம் வேண்டாம். "உங்கள் அப்பாவாக நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா, கையை வையுங்கள்" என்ற ஒரு வரி போதும்.

இடம் கேட்பதும் ஒரு தனிக்கலை. மலையில் கதவு எண் இருக்காது. தோட்டத்தின் பெயர், எந்தக் கோயில் தாண்டி, எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே என்று கேட்க வேண்டும். மலைப்பாதை விபத்தென்றால், அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா என்பது முதல் கேள்வி. அடிவாரம் வழி என்றால் எத்தனையாவது வளைவு என்பது அடுத்தது, ஏனென்றால் வளைவுகளுக்கு எண் உண்டு. தெரியாது என்றால், "கடைசியாகப் பார்த்த பலகையில் என்ன எண் இருந்தது?" என்று கேளுங்கள். மேலே போய்க்கொண்டிருந்தீர்களா, கீழேயா என்றும் கேளுங்கள்.

எல்லாம் முடிந்து வேலையில் சேர்ந்த பிறகும், பேசிய அழைப்புகளின் பதிவை உட்கார்ந்து கேட்க வேண்டும். போன் மணி அடித்ததிலிருந்து முதல் அழுத்தம்வரை எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம். ஒன்றரை நிமிடத்துக்குள் வர வேண்டும் என்பது என் வகுப்பின் இலக்கு. பெரும்பாலும் நேரம் போவது நலம் விசாரிப்பதிலும், கணினியில் பெயரின் எழுத்தைச் சரிபார்ப்பதிலும்தான். பெயரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். விண்ணப்பம் போடு கண்ணு.

கேள்வி: மகன் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். திராவகம் தெறித்தால் போனில் என்ன சொல்வார்கள்?
— ஒரு தாய், செவ்வாய்ப்பேட்டை

பதில்: நனைந்த சட்டையைக் கழற்று, குழாயைத் திற, தண்ணீர் ஓடட்டும். குறைந்தது 20 நிமிடம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு விடாமல் கழுவ வேண்டும். மஞ்சள், பற்பசை, பேனா மை, எண்ணெய் எதுவும் கூடாது. பட்டறையில் குழாய்த் தண்ணீர் எப்போதும் வருகிறதா என்று முதலாளியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் பாம்பு கடித்தால்? பழைய ஆட்கள் கயிறு கட்டுகிறார்கள், கீறி ரத்தம் எடுக்கிறார்கள்.
— காப்பித் தோட்டத் தொழிலாளி, செம்மநத்தம்

பதில்: இரண்டும் கூடாது. இறுக்கிக் கட்டினால் அந்தக் கையோ காலோ அழுகிப்போகலாம். கீறினால் ரத்தம் நிற்காமல் போகலாம், ஏனென்றால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷம் ரத்தம் உறைவதையே கெடுக்கிறது. போன் எடுப்பவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியது: அவரை உட்காரவையுங்கள் அல்லது படுக்கவையுங்கள், ஓர் அடிகூட நடக்கவிடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். கடிபட்ட காலை அசையாதபடி ஒரு கம்போடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். பாம்பைத் தேடிப் போகாதீர்கள், இரண்டாவது ஆளும் கடிபடுவார்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான் தருகிறார்கள். எனவே எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் மருத்துவர்கள் சிகிச்சை தொடங்குவார்கள். கட்டுவிரியனை மட்டும் தனியாகச் சொல்லிவைக்கிறேன். தரையில் படுத்துத் தூங்குகிறவரை இரவில் கடிக்கும், வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது, பல் தடமே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், கண்ணிமை தானாக மூடும், பேச்சு குழறும். இப்படி ஓர் அழைப்பு வந்தால் "இரவு எங்கே படுத்திருந்தார்?" என்று கேட்கும்படி நான் பழக்குகிறேன். இமை சரிந்துவிட்டதென்றால் மூச்சும் நிற்கக்கூடும், அதனால் போனை வைக்கவே கூடாது. வண்டி மேலே ஏறி வரும்வரை காத்திருப்பதா, தோட்டத்து ஜீப்பில் பாதி வழி இறங்கி வந்து வண்டியைச் சந்திப்பதா என்பதையும் போனில் இருப்பவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். நீங்களாகக் கிளம்பிவிட்டால் நீங்கள் ஒரு வழி, வண்டி ஒரு வழி ஆகிவிடும்.

கேள்வி: வண்டி வருவதற்குள் பிரசவம் ஆகிவிட்டால்?
— நிறைமாத மருமகளின் மாமியார், வாழவந்தி

பதில்: பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே பிறந்துவிடும், எனவே இழுக்காதீர்கள். தலை வரும்போது உள்ளங்கையால் தாங்கிக்கொள்ளுங்கள், போதும். பிறந்ததும் நன்றாகத் துடைத்து, தாயின் வெறும் மார்பில் போட்டு, இருவரையும் ஒரே போர்வையால் மூடுங்கள். உங்கள் மலைக் குளிரில் ஈரமான குழந்தை விரைவாகச் சில்லிட்டுவிடும். அழவில்லை என்றால் துணியால் முதுகைத் தேயுங்கள், உடனே போனில் சொல்லுங்கள். தொப்புள்கொடியை அறுக்க வேண்டாம், நஞ்சுக்கொடியை இழுக்க வேண்டாம். இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, போனை எடுத்தவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். இன்றே மருமகளை மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட முடியுமானால் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: சாலையில் விழுந்தவருக்குப் போனில் சொன்னபடி செய்து, அவர் இறந்துவிட்டால் என்மேல் வழக்கு வருமா?
— ஆட்டோ ஓட்டுநர், புதிய பஸ் நிலையம்

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. சாலை விபத்தில் உதவுகிறவர்களைக் காக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு, பலனை எதிர்பாராமல் விபத்தில் சிக்கியவருக்கு உதவியவர்மேல், அவர் காயமடைந்தாலோ இறந்தாலோ, உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. நெஞ்சை அழுத்தும்போது விலா எலும்பு முறிவதுண்டு. அந்தச் சத்தம் கேட்டதும் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். எலும்பு கூடிவிடும்.

கேள்வி: என் மகள் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் வேலையில் இருக்கிறாள். இரவுப் பணி முடிந்து வந்தால் சில நாள் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. வேலையை விடச் சொல்லலாமா?
— ஒரு தாய், கொண்டலாம்பட்டி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. மருத்துவமனையில் வேலை செய்த காலத்தில் எனக்கு ஒரு வசதி இருந்தது. நோயாளி பிழைத்தாரா இல்லையா என்று என் கண்ணாலேயே பார்த்துவிடுவேன். அழுதாலும் சிரித்தாலும் அங்கே அது முடிந்துவிடும். உங்கள் மகளுக்கு அந்த முடிவு கிடைப்பதே இல்லை. ஒரு தாய் அலறுவதைக் கேட்கிறாள், எண்ணிக்கொண்டே இருக்கிறாள், வண்டி வந்ததும் இணைப்பு துண்டிக்கப்படுகிறது, அடுத்த விநாடி வேறொரு போன் மணி அடிக்கிறது. பிழைத்ததா இல்லையா என்று தெரியாத பிள்ளைகளை அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

வேலையை விடுவதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் அவசரப்படாதீர்கள். ஆனால் நிர்வாகம் செய்ய வேண்டியவை சில உண்டு. இதைப் படிக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். குழந்தை இறந்த அழைப்பு, கண்ணெதிரே தற்கொலை நடந்த அழைப்பு, தெரிந்தவர் வீட்டு அழைப்பு, இவற்றில் ஒன்றை எடுத்தவரை உடனே அடுத்த அழைப்புக்கு உட்காரவைக்கக் கூடாது. எழுந்துபோய் முகம் கழுவி, ஒரு டீ குடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிட்டு வர நேரம் தர வேண்டும். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு மருத்துவமனையில் கேட்டுச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். இறந்துவிட்டார் என்பது செய்தியானாலும், "நீ சொல்ல வேண்டியதைச் சொன்னாய், பதிவைக் கேட்டோம்" என்று அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் இதை இன்னும் பரவலாகச் செய்ய வேண்டும் என்று நான் போகும் இடமெல்லாம் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, "என்ன ஆயிற்று?" என்று துளைத்துக் கேட்காமல் இருப்பது. பக்கத்தில் உட்காருங்கள். அவள் தூங்கும்போது வீட்டில் போன் மணி கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சத்தத்துக்கே அவள் உடல் விழித்துக்கொள்ளும். தூக்கமின்மையும் கெட்ட கனவும் வாரக்கணக்கில் நீடித்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும், பிறகுதான் அவள் நம்புவாள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தர முடியுமா? எங்கள் பள்ளிக்கு வருவீர்களா?
— தலைமையாசிரியர், ஏற்காடு

பதில்: கட்டாயம் வருகிறேன் ஐயா. 12 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் சி.பி.ஆர். கற்றுத்தந்தால் போதும் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஏற்றுக்கொண்டது. டென்மார்க்கில் பள்ளிகளில் இது 2005லிருந்து கட்டாயம். அதைவிடச் சிறிய பிள்ளைகளால் நெஞ்சை ஆழமாக அழுத்த முடியாது, ஆனால் போன் செய்ய முடியும். பல வீடுகளில் பாட்டியோடு தனியாக இருப்பது அந்தப் பிள்ளைதான். எண் 108, இது எந்த ஊர், எந்தத் தோட்டம், பாட்டி கண் திறக்கிறாரா, நெஞ்சு எழுகிறதா. இவற்றைச் சொல்லத் தெரிந்து, "போனை வைக்காதே" என்றால் வைக்காமல் இருந்தால் போதும். பூட்டிய செல்போனிலிருந்தும் அவசர எண்ணை அழைக்கலாம் என்பதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அது தெரியாமல் அப்பாவின் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் உண்டு.

பொம்மைகளை நான் கொண்டுவருகிறேன். பாய் விரித்த ஒரு வகுப்பறையும், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசிப் பழக இரண்டு செல்போன்களும் நீங்கள் தர வேண்டும். ஆசிரியர்கள் அனைவரும் அன்று இருக்க வேண்டும், சத்துணவு அமைப்பாளரும் சமையலர்களும் சேர்த்து. எல்லோரும் தரையில் மண்டியிட்டு அழுத்திப் பார்ப்பார்கள். முதலில் நீங்கள்.